பஸ்ஸின் முதுகில் அன்புச்செல்வி

கதிவேகா கம்பெனி பொறுப்பேற்ற முதல் நாள் காலை, அன்புச்செல்வி பணிமனை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு மின்சாரப் பேருந்து சத்தமில்லாமல் நழுவி வந்து, இடப்பக்கம் ஒடித்துத் திரும்பி, அடையாறு பாலத்தைப் பார்த்துப் போயிற்று. அதன் முதுகு முழுக்க அவள் படம். நீலச் சட்டை, படிய வாரிய தலை, ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கை, பல் தெரிகிற சிரிப்பு. பக்கத்தில் 'உங்கள் பயணம், எங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நீலதாரா என்ற பழைய கம்பெனியின் பெயர் இருந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள். சிரிப்பை விட்டுவிட்டார்கள்.

வாசலில் புதிதாக ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். முகத்தைக் காட்டினால் ஆளை அடையாளம் கண்டு பச்சை விளக்கு போடும். அவளுக்கு முன்னால் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராகக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். இவள் முறை வந்தது. மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. சிவப்பு விளக்கு. 'பதிவு இல்லை' என்று ஒரு பெண் குரல் சொன்னது.

பொட்டைத் துடைத்துக்கொண்டு காட்டினாள். பதிவு இல்லை. தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு காட்டினாள். பதிவு இல்லை.

"இன்னா ண்ணா இது? நேத்துகூட இதே வாசல்ல தான போனேன்?" என்று காவலாளி அய்யாதுரையைக் கேட்டாள்.

அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நீலதாரா காலத்திலும் அவர்தான் வாசல். "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா பச்சை விழாம உன்னைய உள்ள விட்டேன்னு வையி, என் வேலை போயிரும். என்னையவே நேத்து சாயந்திரம் கூப்பிட்டு, தொப்பிய கழட்டுன்னான். வேற தொப்பி குடுத்தான். நான் இப்ப எந்தக் கம்பெனின்னு என் வீட்டுக்காரி கேக்கா, எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் பேசி முடிப்பதற்குள் இன்னொரு பேருந்து வெளியே வந்தது. அதன் முதுகிலும் அவள்தான். அய்யாதுரை அந்தச் சிரிப்பைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

அன்புச்செல்வி அடையாற்றங்கரைக் குடிசைகளில் பிறந்தவள். பெருவெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த குடும்பங்களை எல்லாம் லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவள் புருஷன் கபாலி தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தூரம் அதிகமாகிப்போனதால் அவன் வீட்டுக்கு வருவதும் போவதும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் அவள் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். பிறகு பெண்களுக்கு இலவசமாகக் கனரக வண்டிப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்தபோது தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பிடித்துத் திருகுவதுபோல் இருந்ததாம். ஒரு மாதத்தில் அது கைக்குப் படிந்துவிட்டது. உரிமம் கிடைத்ததும் நீலதாராவில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பணிமனையில் ஒரே பெண் டிரைவர் அவள்தான்.

நீலதாராவின் ஏற்பாடு சேர்ந்த நாளிலிருந்தே அவளைக் குழப்பியது. வழித்தடம் அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது. டிக்கெட்டும் கண்டக்டரும் அவர்களுடையது. வண்டியும் சார்ஜரும் டிரைவரும் கம்பெனியுடையது. ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கொடுக்கும். ஒரே வண்டியில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு முதலாளியின் ஆள், பின்னால் விசில் அடிப்பவர் வேறொரு முதலாளியின் ஆள். அவளோடு பெரும்பாலும் வருகிற கண்டக்டர் சுப்புராயன் இதை இன்னும் சுலபமாகச் சொல்லுவார்: "வண்டி உன்னிது, ஜனம் என்னிது. நடுவுல நின்னுச்சுன்னா ரெண்டு பேருக்கும் திட்டு."

போன வருஷம் ஒருநாள் நீலதாரா மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, பேருந்துகளின் பின்னால் ஒட்ட ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் டூட்டிக்குப் போகவேண்டாம் என்று சொல்லி ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். உதட்டுக்குச் சாயம் பூச வந்த பெண்ணிடம் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டாள். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அவள் முகம். கபாலி கிடங்கு வாசலில் நின்று உஸ்மான் சாலையில் போகிற வண்டியைக் காட்டி, "தோ போறா பாரு என் பொண்டாட்டி" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லுவான். மகள் தமிழ்நிலாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. மழை நாளில் அம்மாவின் மூஞ்சியில் சேறு அடிக்கிறது என்று அழுதாள்.

பிறகு கைமாறப் போகிற பேச்சு வந்தது. நீலதாராவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, வடக்கேயிருந்து கதிவேகா என்று ஒரு பெரிய கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொள்கிறது என்றார்கள். ஒருநாள் மதியம் புதுக் கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து, பேருந்துப் படிக்கட்டில் ஏறி நின்று பேசினார். "யாருக்கும் வேலை போகாது. வண்டி, சார்ஜர், டிரைவர், மெக்கானிக், எல்லாம் அப்படியே எங்ககிட்ட வருது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்புச்செல்வியும் தட்டினாள்.

இப்போது வாசலுக்கு வெளியே நின்றபடி அந்த வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி, சார்ஜர், டிரைவர், மெக்கானிக். இதில் தான் எது என்று அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பி அவள் சொன்னதைக் கபாலி முதலில் நம்பவில்லை. "கிண்டல் பண்ணாத மே. இன்னிக்கு மத்தியானம்கூட உன் பஸ்ஸப் பாத்தேனே. நீ போய்க்கினு இருந்த."

"அது என் படம் யா. நான் இங்க துணி தொவச்சிக்கினு இருந்தேன்."

"படம் ஓடுது, நீ ஓடலயா?" அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப உன்ன வேலைய வுட்டு எட்த்தாங்களா, எடுக்கலயா?"

"யாருமே எடுத்தேன்னு சொல்லல. வான்னும் சொல்லல."

"கேக்க வேண்டியதுதான?"

"யாரப் போய்க் கேக்கறது? நீலதாரா நம்பருக்குப் போன் போட்டா, நாங்க இப்ப பஸ் ஓட்டறதில்லன்றாங்கோ. கதிவேகாவுக்குப் போட்டா, உங்க ஊழியர் எண்ணை அழுத்துங்கன்னு ஒரு குரல் சொல்லுது. என் நம்பரு நீலதாரா நம்பரு. அத அழுத்துனா கட் ஆவுது."

கபாலிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாததால் விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று அதைத் திட்டினான்.

கதிவேகாவின் அலுவலகம் தி.நகரில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருக்கிறது என்று அய்யாதுரை விசாரித்துச் சொன்னார். மறுநாள் அவள் பேருந்தில் பயணியாக ஏறினாள். ஸ்டியரிங்கைத் தவிர வேறு இடத்தில் உட்கார்ந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் தானாகத் தரையை மிதித்தது. எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். சைதாப்பேட்டை தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நீ அந்த பஸ் படத்துல கீற பொண்ணு தான?"

"ஆமாங்க."

"டிரைவரு தான நீ?"

"ஆமா."

"நீ இங்க குந்திக்கினு கீற. அப்ப வண்டிய யாரு ஓட்றா?" என்று அந்த அம்மாள் எழுந்து எட்டிப் பார்த்தார். முன்னால் ஒரு டிரைவர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. இறங்கி நடக்கும்போது அதே கேள்வி கூடவே வந்தது.

அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் ராகேஷ் என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஊழியர்கள் விஷயத்தைப் பார்க்கிற அதிகாரி. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து நின்றார்.

"மேடம், நீங்களா! உக்காருங்க. உங்களைத்தான் எப்படிப் பிடிக்கிறதுன்னு யோசிச்சிட்டு இருந்தோம். நீங்க சீரியல் ஆர்ட்டிஸ்ட்டா, மாடலா?"

"டிரைவரு சார்."

"இல்ல, படத்துல டிரைவர். நிஜத்துல?"

"நிஜத்துலயும் டிரைவர் தான் சார்."

ராகேஷ் மெதுவாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். தேடியதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அய்யாதுரை பார்த்த அதே பார்வை.

"உங்க பேர் இருக்கு மேடம். ஆனா டிரைவர்ல இல்ல. விளம்பரப் பிரிவுன்னு இருக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். படம் எடுத்த அந்த ஒரு வாரத்துக்காக நீலதாராவில் அவளை விளம்பரப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். திரும்ப டிரைவர் பிரிவுக்கு மாற்ற மறந்துவிட்டார்கள். அவள் தினமும் வண்டி ஓட்டினாள், சம்பளமும் வாங்கினாள், ஆனால் கணக்குப்படி அவள் விளம்பரம்.

"சரி சார். அப்ப அந்தப் பிரிவோட நானும் உங்ககிட்ட வந்துட்டேன்னு வச்சிக்கலாமா?"

"அந்தப் பிரிவு எங்களுக்கு வரல மேடம். டிரைவர், மெக்கானிக் மட்டும்தான் வந்திருக்காங்க."

"அப்ப அது எங்க போச்சு?"

ராகேஷ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எங்கேயும் போகல. அது… இப்ப இல்ல."

"என் படம் மட்டும் ஓடுதே சார்."

"படம் வண்டியில ஒட்டியிருக்கு. வண்டி எங்களுக்கு வந்துடுச்சு. அதனால படம் எங்களுது."

"நானு?"

ராகேஷ் வெளியே போய் யாரிடமோ நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். வந்தபோது சந்தோஷமாக இருந்தார். வெள்ளிக்கிழமை பட்டினப்பாக்கம் பஸ் நிலையத்தில் ஒரு விழா, புதுக் கம்பெனியின் வண்டிகளைக் கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறார்கள், அவள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டிரைவர் இருக்கையில் உட்கார வேண்டும் என்றார்.

"ஓட்டணுமா சார்?"

"இல்ல, இல்ல. உக்காந்தா போதும். போட்டோவுக்கு."

"அப்ப இது வேலையா சார்?"

"முதல்ல வெள்ளிக்கிழமை வாங்க. மத்தது பேசிக்கலாம் மேடம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கபாலி கேட்டான்: "சேத்துக்கினாங்களா?" அவளுக்கு ஆமாம் என்று சொன்னாலும் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பட்டினப்பாக்கத்தில் கடல் காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வாழைத்தோரணம், நாதஸ்வரம், வரிசையாக நாற்காலிகள். முதல் வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அவளுக்குக் கொடுத்த பச்சை நிறப் புதுச் சட்டை ஆண்கள் அளவு. கையை மடித்து விட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அந்த இருக்கை அவள் உடம்புக்குத் தெரிந்த இருக்கை. தானாகவே கண்ணாடியைச் சரிசெய்தாள். படம் எடுப்பவர்கள் கீழேயிருந்து, "அம்மா, இந்தப் பக்கம், கொஞ்சம் சிரிங்க" என்றார்கள். சிரித்தாள். ரிப்பன் வெட்டினார்கள், கொடி அசைத்தார்கள். விருந்தினர்களுக்கு வேர்க்கக் கூடாது என்று வண்டியை ஆன் செய்து ஏ.சி. போட்டு வைத்திருந்தார்கள்.

ஏற்பாடு என்னவென்றால், கொடியசைத்ததும் அவள் இறங்கிவிட வேண்டும், உண்மையான டிரைவர் ஏறி வண்டியை எடுக்க வேண்டும். அந்த டிரைவர் பணிமனையிலிருந்து இன்னொரு வண்டியில் வந்துகொண்டிருந்தார். மெட்ரோ வேலைக்காக மந்தைவெளியில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருந்ததில், தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஏதோ ஒரு தெருவில் அவர் மாட்டிக்கொண்டார். இது விழாவில் இருந்த யாருக்கும் தெரியாது.

பஸ் நிலையத்தில் நெடுநேரமாகக் காத்திருந்த ஜனங்களுக்கோ விழாவைப் பற்றி அக்கறையில்லை. வண்டியின் நெற்றியில் 'தி.நகர்' என்று எழுத்து ஓடியது. கதவு திறந்திருந்தது. ரிப்பன் வெட்டியதுதான் தாமதம், ஏறிவிட்டார்கள். மீன் கூடை, பள்ளிக்கூடப் பை, மருந்துச் சீட்டு வைத்த மஞ்சள் பை, எல்லாம் ஏறிற்று. கடைசியாகச் சுப்புராயன் ஏறினார். அவருக்கு அன்று இந்த வண்டியில்தான் டூட்டி என்று கழகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டிரைவர் இருக்கையில் அன்புச்செல்வியைப் பார்த்ததும் அவருக்குக் கண் பளிச்சென்றது.

"வந்துட்டியா தங்கச்சி! நான் தான் சொன்னேன்ல, உன்ன வுட மாட்டாங்கன்னு!"

"ண்ணா, இருங்கண்ணா, நான் இன்னிக்கு…"

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜனங்கள் அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பின்னால் நின்ற வேறொரு வழித்தடத்து வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் முன்னால் வந்து, எடு எடு என்று கையை வீசினார். நாதஸ்வரக்காரர் உச்சத்தில் ஊதினார். வண்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு விசில் வந்தது.

இரண்டு விசிலுக்கு என்ன அர்த்தம் என்று அவள் மூளையைக் கேட்கவில்லை. கை போயிற்று, கால் போயிற்று. எலுமிச்சம்பழம் இரண்டும் ஒரே நேரத்தில் நசுங்கின. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தாள். ராகேஷ், கழுத்தில் அடையாள அட்டை ஆட, வண்டிக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் நிறுத்தச் சொல்லி ஓடி வருகிறாரா, வாழ்த்துச் சொல்லி ஓடி வருகிறாரா என்று தெரியவில்லை. திருப்பத்தில் அவர் மறைந்தார்.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. இது யாருடைய வண்டி? கதிவேகாவுடையது. நான் கதிவேகாவின் ஆளா? இல்லை. அப்படியென்றால் ஊர் பார்க்க, மேளதாளத்தோடு ஒரு பஸ்ஸைத் திருடிக்கொண்டு போகிறேனா? பையில் போன் அடித்தது. ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்பது விதி. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த விதி இருக்கும் என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

மந்தைவெளியில் சுப்புராயன் முன்னால் வந்தார்.

"ண்ணா, நான் டிரைவர் இல்லண்ணா."

"பின்ன?"

"போட்டோவுக்கு வந்தவ. உக்காந்தா போதும்னாங்கோ. நீங்க விசில் அடிச்சீங்க, நான் எட்த்துட்டேன்."

சுப்புராயன் ஒரு கணம் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மேற்கு மாம்பலத்துக்காரர், சிரித்த முகம். அந்த முகத்தில் அன்றைக்குத்தான் அவள் முதன்முறையாகப் பயத்தைப் பார்த்தாள். கழகத்தின் நேரக் காப்பாளருக்குப் போன் போட்டார். "டிரைவர் விஷயம் கம்பெனி பாத்துக்கும்யா, நீ டிக்கெட்டப் பாரு" என்ற பதில் அவளுக்கும் கேட்டது.

"நிறுத்திடவா ண்ணா?"

அதற்குள் மஞ்சள் பை வைத்திருந்த அம்மாள் கேட்டார்: "ஏம்ப்பா, லஸ்ஸுல எறங்குனா ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வேற வண்டி கிடைக்குமா? ஓ.பி. மூடிடப் போறாங்க. என்னாத்துக்கு நிக்குது?"

சுப்புராயன் அந்த அம்மாளைப் பார்த்தார், நிரம்பியிருந்த வண்டியைப் பார்த்தார். "ஓட்டு தங்கச்சி" என்றார். "எனக்கு ஒண்ணும் புரியல. புரியற வரைக்கும் ஓட்டு."

ஓட்டினாள். கோயில் குளத்தைச் சுற்றி, லஸ்ஸில் தகரத் தடுப்புக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே வண்டியை நுழைத்து, ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று போனாள். மஞ்சள் பை அம்மாள் லஸ்ஸில் இறங்கி ஓடினார். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது வந்து கதவைத் தட்டிக் கீழே இறக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. தி.நகர் பஸ் நிலையத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கிப் போகலாமா, இருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

ராகேஷ் ஒரு ஆட்டோவிலிருந்து குதித்து வந்தார். மூச்சு வாங்கியது.

"ஏன் மேடம் வண்டிய எடுத்தீங்க?"

"விசில் அடிச்சாரு சார்."

ராகேஷ் சுப்புராயனைத் திரும்பிப் பார்த்தார். "டிரைவர் உக்காந்திருந்தாங்க, ஜனம் ஏறிச்சு, அடிச்சேன்" என்றார் சுப்புராயன். ராகேஷ் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவருடைய போன் அடித்தது. தள்ளிப் போய்ப் பேசினார். ஆமாம் சார், இல்லை சார், அப்படியா சார் என்ற மூன்று பதில்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, தெளிவும் இல்லை.

"திட்டறாங்களா, பாராட்டறாங்களான்னு எனக்கே பிடிபடல மேடம். கைதட்டினவங்க எல்லாரும் அது நிகழ்ச்சியில இருக்குன்னு நினைச்சிட்டாங்க. கம்பெனியோட முதல் வண்டிய ஒரு பெண் டிரைவர் எடுத்தாங்கன்னு வீடியோ எல்லாருக்கும் போயிடுச்சு. மேல இருக்கறவங்களே பகிர்ந்துட்டாங்க."

"அப்ப நான் இப்ப இறங்கலாமா சார்?"

"இறங்காதீங்க. வர வேண்டிய டிரைவர் இன்னும் மந்தைவெளியிலயே மாட்டிட்டு இருக்கார். திரும்பிப் போற டிரிப் யார் எடுக்கறது?"

அன்று மாலை வரைக்கும் அவளே ஓட்டினாள். ஒவ்வொரு முறை பட்டினப்பாக்கம் போனபோதும் பந்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசி முறை வெறும் மூங்கில்கள் இருந்தன.

திங்கட்கிழமை மறுபடி கண்ணாடி அறை. ராகேஷ் நல்ல சேதி என்றுதான் ஆரம்பித்தார். அவள் இப்போது கதிவேகாவின் டிரைவர். பெண் டிரைவர் எடுத்த வண்டி என்று ஊருக்கே சொன்ன பிறகு, அப்படி ஒரு டிரைவர் எங்களிடம் இல்லை என்று கம்பெனியால் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"அதுக்கு முன்னாடி ஓட்டனதெல்லாம் சார்?"

"அதை நீலதாராவுலதான் கேக்கணும் மேடம். எங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க புது டிரைவர்."

"நீலதாரா எங்க கீது சார்?"

ராகேஷ் ஒரு முகவரியைத் தேடினார். அது பணிமனையின் முகவரியாக இருந்தது. இருவரும் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார். ஊழியர்களின் படத்தை வண்டியில் போடுவது கதிவேகாவின் வழக்கம் இல்லை. மாடல் என்று நினைத்ததால்தான் விட்டுவைத்திருந்தார்கள். ஊழியர் என்று ஆகிவிட்டபடியால் படங்களை எடுத்துவிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமா என்று கேட்டார். வருத்தமா, நிம்மதியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "பொண்ணு சந்தோஷப்படும் சார்" என்று மட்டும் சொன்னாள். புது டிரைவர்களுக்குப் பழைய வழித்தடம் கேட்கிற உரிமை கிடையாது, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போட்டிருக்கிறோம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

கபாலி அன்றைக்குக் கிடங்கிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். வரும்போதே கோழிக்கறி வாங்கி வந்தான்.

"வேலை வந்துச்சு இல்ல. சந்தோஷமாத்தான கீற?"

"வேலை போவவே இல்லயே யா. போவாத வேலை எப்டி வரும்?"

"அப்ப ஏன் மே அழுவுற?"

"நான் எங்க அழுவறேன்?" என்றாள். கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. வெங்காயம் நறுக்கவும் தொடங்கியிருக்கவில்லை. ஓட்டிய நாட்கள் எல்லாம் ஓட்டியவைதான், அவை எங்கே போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது கேட்க. ஆனாலும் யாரோ ஒருவர் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, ஆமாம் அம்மா, நீ ஓட்டினாய் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். கபாலி என்ன செய்வதென்று தெரியாமல், தானே உட்கார்ந்து வெங்காயத்தை நறுக்கினான்.

புது வழித்தடத்தின் முதல் நாள் மெஷின் பச்சை விளக்கு காட்டியது. அய்யாதுரை சல்யூட் அடித்தார். அன்றைக்குக் கண்டக்டராக வந்தவள் லாவண்யா என்று ஒரு பெண், கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். திருவான்மியூர் தாண்டுகிற வரைக்கும் எல்லாம் பழகிய சாலை. கொட்டிவாக்கத்திலிருந்து எதுவும் பிடிபடவில்லை. சாலையை அகலப்படுத்த இருபுறமும் வெட்டிப் போட்டிருந்தார்கள். நிழற்குடைகளைக் காணோம். கடல் இடப்பக்கம் இருக்கிறது என்பது காற்றில் தெரிந்ததே தவிர, கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சுவர்கள்.

"லாவண்யா, பாலவாக்கம் ஸ்டாப்பு எங்கம்மா?"

"தெரியலக்கா. எனக்கும் இன்னிக்குத்தான் இந்த ரூட்டு."

வண்டிக்குள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோயிலாண்ட என்றது ஒரு குரல். அது பழைய ஸ்டாப்பு, இப்ப பேங்க் எதிர்ல என்றது இன்னொன்று. ரெண்டும் இல்ல, பெட்ரோல் பங்க் தாண்டிப் போங்க என்றார் மீன் கூடைக்காரி. முன்னால், தோண்டிய மண்மேட்டுக்குப் பக்கத்தில், ஒரு கிழவரும் கைக்குழந்தைக்காரியும் நாலைந்து பேரும் நின்றுகொண்டு கையைக் காட்டினார்கள். அன்புச்செல்வி வண்டியை மெதுவாக ஓரம் கட்டினாள்.

"இங்க ஸ்டாப்பா டிரைவரம்மா?" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

"தெரியலங்க. ஜனம் நிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.